கிறிஸ்துமஸ் அன்னியப் பண்டிகையா?

கிறிஸ்துமஸ் பண்டிகை நம் தேசத்துக்கு அன்னியமானது, அதைக் கொண்டாடுவது தேசாபிமானத்துக்குக் குறைவு என்று சொல்லும் ஒரு கூட்டம் சில வருஷங்களாக வடக்கே தலைதூக்கி வருகிறது. 2021 டிசம்பரில் ஆக்ராவில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவப் பொம்மைகளைக் கொளுத்தினார்கள். 2025 டிசம்பரில் ராய்ப்பூரில் ஒரு வியாபார மாளிகைக்குள் புகுந்து, அங்கே வைத்திருந்த அலங்காரங்களை அடித்து நொறுக்கினார்கள். இச்செய்கைகள் சட்ட விரோதமானவை என்பதைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது போலீசாரும் நியாயஸ்தலங்களும் கவனிக்க வேண்டிய விஷயம். இச்செய்கைகளுக்குப் பின்னே நிற்கும் அபிப்பிராயத்தையே இன்று ஆராய விரும்புகிறோம். ஏனெனில், தடியெடுக்காத நல்லவர்களும் படித்தவர்களுமான பலர் அந்த அபிப்பிராயத்தில் பாதியை ஒப்புக்கொண்டு பேசுவதை நாம் காதாரக் கேட்டு வருகிறோம். கொங்கு நாட்டிலும் கேட்கிறோம். திருப்பூர்ச் சீமையிலேயே கேட்கிறோம் என்பதுதான் பெரிய வேடிக்கை. அது ஏன் வேடிக்கை என்பதைப் பின்னால் சொல்லுவோம்.

முதலில், ஆக்ராவில் கொளுத்தப்பட்ட தாத்தா யார்? கிறிஸ்து மதத்தின் சின்னம் ஒன்றைக் கொளுத்திவிட்டதாக அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். அம்மதத்தின் வேத புஸ்தகத்தில் அந்தத் தாத்தாவைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. 4-ஆம் நூற்றாண்டில், இன்று துருக்கியைச் சேர்ந்த மைரா என்னும் ஊரில் நிக்கொலாஸ் என்ற அத்தியட்சர் ஒருவர் இருந்தார். ஏழைகளுக்கு மறைவாக உதவி செய்தவர் என்று அவரைப் பற்றிக் கதைகள் வழங்கின. அவர் திருநாள் டிசம்பர் 6. ஹாலந்து தேசத்துக் குழந்தைகளுக்கு அவர் பெயராலே பரிசு கிடைப்பது இன்றும் அதற்கு முந்திய நாள் இரவில்தான். அவர் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வருகிறார் என்பது அங்குள்ள ஐதிகம். அவரை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டு வயிற்றைப் பெருக்கினார்கள், தாடியை வளர்த்தார்கள், வட துருவத்தில் குடியேற்றினார்கள். தாமஸ் நாஸ்ட் என்ற சித்திரக்காரர் 1863 முதல் பத்திரிகைகளில் அவருக்கு ஓர் உருவம் கொடுத்தார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வட பகுதிச் சிப்பாய்களுக்குப் பரிசு கொடுப்பவராகவே அவர் முதலில் காட்சியளித்தார். 1931 முதல் கோகோ கோலா கம்பெனியின் விளம்பரங்கள் அந்தச் செவ்வுடைக் கிழவரை உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தன. ஆக, ஆக்ராவில் எரிந்தது ஒரு மதத்தின் அடையாளமன்று. அமெரிக்க வியாபாரத்தின் விளம்பரப் பலகையே. அந்நிய வியாபாரத்தின் மேல் கோபங்கொண்டு கொளுத்தியிருந்தால் அதற்குப் பழைய தேசிய மரபு ஒன்றாவது துணை நின்றிருக்கும்!

பச்சை மரத்தை வீட்டுக்குள் நட்டு விளக்கேற்றுவது ஜெர்மானியர் வழக்கம். இங்கிலாந்திலே அது எங்கும் பரவியதற்கு 1848-ல் ஒரு லண்டன் சித்திரப் பத்திரிகையில் வெளிவந்த படமே பெருங்காரணம். விக்டோரியா ராணியும், ஜெர்மனியில் பிறந்த அவர் கணவரும் குழந்தைகளுடன் அத்தகைய மரத்தைச் சுற்றி நின்ற படம் அது. அதற்கு முன் ஆங்கிலேயக் குடியானவனுக்கும் அந்த மரம் அன்னியந்தான்.

பண்டிகைத் தேதியாவது எல்லோருக்கும் பொதுவா என்றால், அதுவும் இல்லை. இயேசு பிறந்த நாள் இன்னதென்று பைபிளில் குறிக்கப்படவில்லை. டிசம்பர் 25 என்பது 4-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் நிலைபெற்ற வழக்கம். ஆர்மீனிய சபையார் ஜனவரி 6-ல் கொண்டாடுகிறார்கள். ருஷ்ய சபை பழைய பஞ்சாங்கத்தை விடாததனால் அவர்களுக்குப் பண்டிகை ஜனவரி 7. உக்ரேன் தேசமும் அப்படியே அனுசரித்து வந்து, ருஷ்யப் படையெடுப்புக்குப் பின் 2023-ல் சட்டம் செய்து டிசம்பர் 25-க்கு மாற்றிக்கொண்டது. பஞ்சாங்கத்திலே கூட அடிமைத்தளை உண்டு என்று அந்த ஜனங்கள் கருதினார்கள் போலும். எத்தியோப்பியா நம்மைப் போல் வெள்ளையரிடமிருந்து கிறிஸ்து மதத்தை அறிந்த நாடன்று. ஆங்கிலேயர்கள் ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பே அங்கே சபை உண்டு. அங்கும் ஜனவரி 7-தான். நீண்ட உபவாசத்துக்குப் பின் வெள்ளை ஆடை உடுத்தி இரவெல்லாம் பூஜையில் நின்று, மறுநாள் ஆடவர் வளைந்த கோல்களால் பந்தடித்து விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டின் பெயரே பண்டிகையின் பெயராகவும் இருக்கிறது. இதில் பனியும் இல்லை, மானும் இல்லை, செவ்வுடைக் கிழவரும் இல்லை.

பிலிப்பைன் தீவுகளில் டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் விடியற்காலையில் கோழி கூவும் வேளைக்குக் கோவிலுக்குப் போகிறார்கள். நம் மார்கழி பஜனை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மூங்கிலாலும் காகிதத்தாலும் செய்த நட்சத்திர விளக்குகளை அவர்கள் வீடுதோறும் தொங்கவிடுகிறார்கள். ஸ்பெயினில் குழந்தைகள் பரிசுக்குக் காத்திருப்பது ஜனவரி 6-ந் தேதிக்கு. கொண்டுவருபவர்கள் கீழ்த்திசை அரசர் மூவர். இத்தாலியில் அதே இரவில் துடைப்பத்தின் மேலேறி வரும் ஒரு கிழவியே பரிசு தருகிறாள். ஆஸ்திரேலியாவில் பண்டிகை கடும் வெயில் காலத்தில் வருவதால் ஜனங்கள் கடற்கரைக்குப் போகிறார்கள். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள். ஆயினும் 1974 முதல் ஓர் அமெரிக்க உணவுக் கம்பெனி செய்த விளம்பரத்தின் மகிமையால், அன்றிரவு பொரித்த கோழி வாங்குவதற்கு அந்நாட்டார் வரிசையில் நிற்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், நம் நகரங்களில் தீபாவளி எவ்வளவு தூரம் விளம்பரக்காரர் கைக்குப் போய்விட்டது என்பதையும் சிறிது நினைத்துப் பார்ப்பார்களாக.

இவற்றையெல்லாம் விட விசித்திரமான ஒரு சரித்திரம் இங்கிலாந்துக்கு உண்டு. கிறிஸ்துமஸை ஒழிக்கச் சட்டம் செய்தவர்களில் முதலிடம் கிறிஸ்தவர்களுக்கே உரியது. 1647-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு, இப்பண்டிகைக்கு வேதத்தில் ஆதாரமில்லை என்று கூறி அதை நீக்கிற்று. கடைகளைத் திறந்து வைக்கும்படி உத்தரவாயிற்று. அவ்வருஷம் காண்டர்பரி நகரத்து ஜனங்கள் கலகம் செய்தார்கள். அரசர் ஆட்சி திரும்பிய 1660-ல்தான் பண்டிகையும் திரும்பியது. அமெரிக்காவில் குடியேறியிருந்த அதே கொள்கைக்காரர்கள் மாசசூசெட்ஸில் 1659-ல் ஒரு சட்டம் செய்து, கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு 5 ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். 1681 வரை அது அமுலில் இருந்தது. ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958-ல். நமது திருநெல்வேலி ஜில்லாவில் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே பள்ளிக்கூடங்கள் அன்று மூடப்பட்டன! மேனாட்டிலிருந்து வந்த ஏதோ ஒரே அச்சான சரக்கு என்று நம்மவர்கள் எண்ணும் இப்பண்டிகையை மேனாட்டார்களே அன்னியமென்று தள்ளியும், பின்பு அணைத்தும், தங்கள் தங்கள் மண்ணுக்கேற்ப மாற்றியும் வந்திருக்கிறார்கள்.

நம் தேசத்தில் மட்டும் அது எப்படி அன்னியமாகும்? கேரளத்துச் சுரியானி கிறிஸ்தவர்கள் டிசம்பர் முதல் தேதியிலிருந்து மாமிசத்தை விலக்கி 25 நாள் நோன்பிருக்கிறார்கள். அவர்களுடைய கோவில்களில் கிறிஸ்துமஸ் இரவு, முன்பு குருத்தோலைத் திருநாளில் வாங்கி வைத்து உலர்ந்த ஓலைகளை முற்றத்தில் கொளுத்தி, அத்தீயைச் சுற்றி வருவார்கள். ஐரோப்பியக் கப்பல் நம் கரையைத் தொடுவதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே அம்மரபினர் மலையாள நாட்டில் இருந்தவர்கள். கோவாவில் தேங்காய்ப் பலகாரங்களைத் தட்டில் அடுக்கி அண்டை வீட்டு இந்துக்களுக்கு அனுப்புவது வழக்கம். மிஸோரத்தில் ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உண்கிறது. ராஞ்சியைச் சுற்றியுள்ள முண்டா, ஒராவோன் ஜனங்களிடையே ஜெர்மன் பாதிரிமார்கள் 1845-ல் வந்து சேர்ந்தார்கள். வந்தது ஜெர்மானிய மதபோதம். இன்று அங்கே பண்டிகையில் ஒலிப்பது மாந்தர் என்னும் அவர்களது முழவமும், வட்டமாகக் கைகோத்து ஆடும் ஆதிவாசிகளின் பாட்டும்தான்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் சூசையப்பரைத் தலைவராக வைத்துத் தேம்பாவணி பாடினார். அதில் யூதேயா நாட்டு வர்ணனையைப் படிப்பவர்கள் பாலைவனத்தைக் காண மாட்டார்கள். காண்பது மருத நிலம், நெல் வயல், வாய்க்கால். பெத்லகேமைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து வைத்த பெருங் காரியம் அது. தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) கர்நாடக ராகங்களில் செய்த கீர்த்தனைகள் இன்றும் பஜனைக் குழுக்களால் பாடப்படுகின்றன. தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய லுத்தரன் போதகர்கள் ஜெர்மன் மெட்டுகளைக் கற்பித்தார்கள். தமிழர்கள் அவற்றையும் பாடினார்கள். தங்களுடைய பல்லவி அனுபல்லவிகளையும் விட்டுவிடவில்லை. வைக்கோல் பரப்பிய குடில், வாசலில் மாக்கோலம், பெண்கள் தலையில் மல்லிகை, வேற்று மதத்து வீடுகளுக்குப் போகும் முறுக்கும் அதிரசமும், குமரி ஜில்லாவில் முந்திரிக்கொத்தும்: இவற்றில் எதை எந்தக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்புவது என்று தேசாபிமானிகள் தெரிவிப்பார்களாக.

தமிழ்க் கிறிஸ்தவ சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. தூத்துக்குடி வெயிலில் பஞ்சைப் பிய்த்துப் பச்சை மரத்தில் ஒட்டி அதைப் பனி என்று பாவனை செய்வது நமக்கு ரசிக்கவில்லை. பஞ்சு விற்கிற விலையில் அது நூற்பாலைக்குப் போய்ச் சேருவதே மேல். ஆனால் இது ரசனையைப் பற்றிய விஷயம். தடியெடுக்க வேண்டிய விஷயமன்று.

இனி, வேடிக்கையென்று மேலே சொன்னதற்கு வருவோம். ஐஸ்லாந்து என்னும் பனித்தீவில் ஒரு பழங்கதை உண்டு. கிறிஸ்துமஸுக்குள் புத்தாடை ஒன்றாவது கிடைக்கப் பெறாதவர்களை ஒரு ராட்சதப் பூனை வந்து விழுங்கிவிடுமாம். இலையுதிர் காலத்தில் வெட்டிய கம்பளி ரோமத்தை நூற்றுப் பின்னி முடிப்பதற்குள் பண்டிகை வந்துவிடும். வேலையை முடித்தவனுக்கு எஜமானன் துணி கொடுப்பான், முடிக்காதவனுக்கு இல்லை. சோம்பியிருப்பவர்களைத் துரத்தி வேலை வாங்குவதற்காக ஏற்பட்ட கதை என்று இதற்கு வியாக்கியானம் சொல்வார்கள். நூலும் பின்னலும் கெடுவும் சேர்ந்த இக்கதையைத் திருப்பூர்த் தொழிலாளியிடம் சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். அந்தப் பூனையை அவர் நன்றாக அறிவார். இங்கே அதற்கு ஷிப்மெண்ட் தேதி என்று பெயர்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிறிஸ்துமஸ் இரவில் தாய் தகப்பன் குழந்தைகள் யாவரும் ஒரே மாதிரிப் பின்னலாடை உடுத்திப் படமெடுத்துக்கொள்வது இப்போது பெரிய வழக்கமாகிவிட்டது. நட்சத்திரமும் மானும் பனித்துளியும் அச்சிட்ட பருத்தி இரவு உடுப்புகள் அவை. அத்தகைய உடுப்புகள் செய்து அனுப்பும் ஊர்களில் நம் திருப்பூர் ஒன்று. டிசம்பரில் அங்கே கடைக்கு வர வேண்டுமானால் செப்டம்பர், அக்டோபருக்குள் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டும்; அதற்குக் கோடையிலேயே துணி பின்னிச் சாயம் தோய்த்து, ஆடியிலும் ஆவணியிலும் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் எல்லாம் முடிய வேண்டும். ஆகவே திருப்பூருக்குக் கிறிஸ்துமஸ் ஆடி மாதத்தில் வந்துவிடுகிறது. ஆடிக் காற்றில் மண் பறக்கும் வீதியின் ஓரத்தில், மின்விசிறி கூடப் போதாத கொட்டகையில், கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடி ஆயிரக்கணக்கில் அச்சாகிக் கொண்டிருக்கும். உண்மையான டிசம்பரில் இங்கே தைக்கப்படுவது மேனாட்டாரின் வெயில்கால உடுப்பு.

2024-25-ல் திருப்பூரிலிருந்து ஏற்றுமதியான பின்னலாடை ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய் பெறும். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. 2025 ஆகஸ்டு 27-ந் தேதி முதல் அமெரிக்க அரசாங்கம் நம் சரக்குகள் மீது 50 சதவீத வரி விதித்தபோது, பண்டிகைச் சரக்கு கப்பலேற வேண்டிய சமயத்தில் திருப்பூர் திகைத்து நின்றது. எத்தனையோ ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அன்று, கிறிஸ்துமஸ் அன்னியப் பண்டிகை, அது எப்படிப் போனால் நமக்கென்ன என்று பனியன் கம்பெனி வாசலில் போய்ச் சொல்ல ஒருவருக்கும் துணிவு வந்ததாகத் தெரியவில்லை. லண்டனில் கொண்டாடினால் நமக்குக் கூலி, ராய்ப்பூரில் கொண்டாடினால் நமக்கு அவமானம் என்பது என்ன நியாயம்?

திருப்பூருக்கு மேற்கே, நொய்யலாற்றங்கரையில் பெரிய குளத்தோடு இருக்கும் சாமளாபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இது விசைத்தறி ஊர். சோமனூர், கருமத்தம்பட்டி வரையில் இரவும் பகலும் தறியோசை ஓய்வதில்லை. இங்கே நெய்வது பெரும்பாலும் காடாத் துணி. கிறிஸ்துமஸ் உடுப்புக்கும் இதற்கும் நேர்ச் சம்பந்தமில்லை. ஆனால் சம்பந்தப்பட்ட மனிதர்கள் ஒரே மாதிரியானவர்கள். கூலிக்கு நெய்யும் தறிக்காரர்கள் 2025 மார்ச்சு, ஏப்ரலில் கோவை, திருப்பூர் ஜில்லாக்களில் ஒரு மாத அளவுக்குத் தறிகளை நிறுத்தி, கருமத்தம்பட்டியில் உண்ணாவிரதமிருந்து கூலி உயர்வு பெற்றார்கள் என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கருமத்தம்பட்டியில்தான் 17-ஆம் நூற்றாண்டு முதல் விளங்கிவரும் ஜெபமாலை மாதா கோவில் இருக்கிறது. அதன் திருவிழாவுக்குப் போகிறவர்களில் எல்லா ஜாதி மதத்தினரும் உண்டு. மாதா கோவிலை அன்னியமென்று இந்தப் பக்கத்துக் குடியானவர் ஒருவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

இப்பொழுது இவ்வூர்களில் தறியோட்டவும், திருப்பூரில் தைக்கவும், ஒரிஸா, ஜார்க்கண்டு, பீஹார் முதலிய இடங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிக் கிறிஸ்தவர்களும் உண்டு. ஒரிஸாவின் மலை ஜில்லாக்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. 2007-ல் கிறிஸ்துமஸ் சமயத்தில் அலங்காரப் பந்தல் ஒன்றைப் பற்றி எழுந்த தகராறு பெருங் கலகமாகி, வீடுகளும் கோவில்களும் எரிந்த கந்தமால் ஜில்லா அந்த ஒரிஸாவில்தான் இருக்கிறது. தொழிலாளர் விடுதிகளின் ஓட்டுக்கூரையில் டிசம்பர் பிறந்ததும் ஒரு காகித நட்சத்திரம் தொங்கினால், அதைத் தொங்கவிட்டவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வழிப்போக்கர்கள் அறிவதில்லை.

உலகத்தாரின் பண்டிகைக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கும் இவர்களுக்குத் தங்கள் பண்டிகைக்கு ஒரு நாள் கிடைக்கிறதா என்பதே நாம் எழுப்பும் கேள்வி. சட்டம் இருக்கிறது. 1958-ஆம் வருஷத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி இந்த ராஜ்யத்துத் தொழிற்சாலைகளில் குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி ஆகிய நான்கையும் தவிர, சம்பளத்தோடு ஐந்து பண்டிகை விடுமுறைகள் கொடுக்க வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு வேறொரு நாள் ஓய்வு. ஆனால் அந்த ஐந்து எவை என்று தீர்மானிக்கும்போது, தமிழ் பேசத் தெரியாத, சங்கத்தில் சேராத, காண்டிராக்டர் மூலம் வந்த தொழிலாளியை யார் கேட்கிறார்கள்? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கம்பெனிகள் சேர்ந்தாற்போல் பல நாள் மூடுகின்றன; அது முற்றிலும் சரியே, அந்நாட்களைக் குறைக்கும்படி நாம் சொல்லவில்லை. வெயில்கால ஆர்டர் நெருக்கும் டிசம்பரில் ஒரு நாள் நிறுத்துவது கஷ்டம் என்று முதலாளிகள் கூறுவார்கள். கஷ்டந்தான். நாலைந்து தறி வைத்துக் கூலிக்கு நெய்பவர் நிலையும் நமக்குத் தெரியும். எல்லோருக்கும் மூட வேண்டாம்; கேட்பவர்களுக்குக் கொடுக்கட்டும்.

ஒரு நாள் கொடுத்தாலும் எல்லோருக்கும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆலப்புழையிலிருந்து திருப்பூர் வழியாகத் தன்பாத் செல்லும் ரயிலில் ஏறினால் ராஞ்சி சேர ஏறக்குறைய இரண்டு நாளாகிறது. போய் வரவே நான்கு நாள் வேண்டும். ஆகையால் ஊருக்குப் போக விரும்புகிறவர்களுக்கு அவர்கள் வேறு பண்டிகைகளில் வேலை செய்த நாட்களைச் சேர்த்துவைத்து டிசம்பர் கடைசியில் ஒரு வாரமாகக் கொடுப்பது சாத்தியமான ஏற்பாடு. மாற்று விடுமுறைக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. வரும் வருஷத்து விடுமுறைப் பட்டியலை எழுத உட்காரும் கம்பெனி மானேஜர்கள், ஹிந்தியும் ஒரியாவும் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, விடுதியில் இருப்பவர்களை ஒரு முறை கேட்டுவிட்டு எழுதட்டும். தொழிற்சங்கங்களும் இவ்விஷயத்தில் இதுவரை காட்டிய மௌனத்தைக் கலைக்கலாம்.